வைஃபை இருக்கு, நெட் இல்ல

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் நெட் கனெக்‌ஷன் குடுக்குற வேலை பாக்குறேன் நான், ஆரம்பத்துல மொட்டமாடி மொட்டமாடியா லேன் கேபிள் இழுத்தோம், இப்ப எல்லாம் ஃபைபர். நிலையத்துல இருந்து கூப்பிட்டு ஜனங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்கன்னு சொன்னாங்க, எனக்கு வேற யோசனையே வரல, ஏன்னா தெனமும் காலைல ஃபோன எடுத்தா முதல்ல காதுல விழுறது இதுதான்: "அண்ணே, வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா நெட் வரமாட்டேங்குது."

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுட்டா பாதி கஷ்டம் தீர்ந்துரும். வைஃபை வேற, இன்டர்நெட் வேற. உங்க வீட்டு மாடித் தொட்டியில இருந்து அடுப்படி குழாய் வரைக்கும் போற பைப்பு இருக்குல்ல, அதுதான் வைஃபை. தெருவுல இருந்து தொட்டிக்கு தண்ணி வர்ற லைன்தான் இன்டர்நெட். குழாய் நல்லா இருக்கு, திறக்கவும் திறக்குது, ஆனா தொட்டி காலின்னா காத்துதான் வரும். ஃபோன்ல நாலு கோடு ஃபுல்லா நிக்கிதுன்னா உங்க ஃபோனுக்கும் அந்த மோடம் டப்பாவுக்கும் நடுவுல உறவு நல்லா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், டப்பாவுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு அந்த கோடு சொல்லாது.

அப்ப "நோ இன்டர்நெட்"னு ஃபோன் எப்படி கண்டுபிடிக்குதுன்னு கேப்பீங்க. வைஃபை சேந்த உடனே ஃபோன் தானாவே வெளிய ஒரு சின்ன ஆள அனுப்பிப் பாக்கும். ஆண்ட்ராய்டு ஃபோன்னா கூகுளோட ஒரு முகவரிய தட்டும், அங்க இருந்து 204ன்னு ஒரு வெறும் பதில் வரணும். ஐஃபோனும் அதே மாதிரி ஆப்பிள் பக்கம் தட்டிப் பாக்கும், விண்டோஸ் மைக்ரோசாஃப்ட் பக்கம் போய் ஒரு வரி எழுத்து இருக்கான்னு பாத்துட்டு வரும். பதில் வரலன்னா உடனே ஆச்சரியக்குறி போட்டுரும். சில நேரம் அந்த ஒரு முகவரி மட்டும் எட்டாம இருக்கும், மத்ததெல்லாம் ஓடும், அதனால குறிய பாத்த உடனே பதறாம ஒரு நியூஸ் பக்கம், ஒரு வீடியோன்னு ரெண்ட திறந்து பாத்துருங்க.

சரி, நிஜமாவே வரல. முதல் கேள்வி, உங்க ஒரு ஃபோன்ல மட்டும் வரலையா, வீட்ல எல்லார் ஃபோன்லயும் வரலையா? இத கேக்காமயே டப்பாவ போட்டு நோண்டுறவங்கதான் ஜாஸ்தி. இன்னொரு ஃபோன எடுங்க, அதுல மொபைல் டேட்டாவ கண்டிப்பா ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா டேட்டாவுல ஓடுறத வைஃபைல ஓடுதுன்னு நினைச்சு ஏமாந்துருவீங்க, அப்புறம் பாருங்க. அந்த ஃபோன்ல வந்துச்சுன்னா டப்பாவும் நல்லா இருக்கு, லைனும் நல்லா இருக்கு, கோளாறு உங்க ஃபோனுக்குள்ள. ரெண்டுலயும் வரலன்னா டப்பா பக்கம் போகணும்.

டப்பா பக்கமே முதல்ல போவோம், அதுலதான் நிறைய நடக்குது. ஃபைபர் மோடத்துல வரிசையா லைட்டு இருக்கும், பவர், பான், லாஸ், இன்டர்நெட், லேன், வைஃபைன்னு கீழ சின்னதா எழுதியிருக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு தடவை படிச்சு வச்சுக்கோங்க. லாஸ்ங்குற இடத்துல செவப்பா மின்னுச்சுன்னா வெளிச்சமே வந்து சேரலன்னு அர்த்தம். ஃபைபர்ல வர்றது கரண்ட் இல்லங்க, வெளிச்சம். பான் லைட்டு பச்சையா அசையாம நிக்கணும், அது மின்னிக்கிட்டே இருந்தா வெளிச்சம் வருது, ஆனா எங்க ஆபீஸ் மெஷினோட இன்னும் பேசி முடிக்கலன்னு அர்த்தம். பான் பச்சையா நின்னு இன்டர்நெட் லைட்டு மட்டும் செவப்பாவோ அணஞ்சோ இருந்தா கம்பி நல்லாத்தான் இருக்கு, லாகின் ஆகல, அங்க முதல்ல பாக்க வேண்டியது ரீசார்ஜ் முடிஞ்சு போச்சான்னுதான். பில்லு கட்டுன தேதி மறந்து போறது எல்லா வீட்லயும் நடக்குறதுதான், அத கேக்க தயங்கவே வேணாம்.

இந்த லாஸ் லைட்டப் பத்தி ஒண்ணு சொல்லணும். போன வருஷம் ஒரு வீட்ல இருந்து சாயங்காலம் கூப்பிட்டாங்க, அந்தப் பொண்ணுக்கு காலேஜ் கவுன்சிலிங்ல சாய்ஸ் போட அன்னைக்குதான் கடைசி நாள், அவங்க தெருவுல மொபைல் சிக்னலும் ஒரு புள்ளிதான் நிக்கும். போனா செவப்பு மின்னுது. வெளிய போஸ்ட்ல பாத்தேன், நல்லா இருக்கு. உள்ள வந்து வெளிச்சத்தோட பலத்த அளக்குற மீட்டர மாட்டிப் பாத்தா மைனஸ் 31 காட்டுது, எங்களுக்கு மைனஸ் 27க்கு கீழ போனாலே டப்பா தடுமாறும். வீட்ல ஏதாவது நகத்துனீங்களான்னு கேட்டேன், இல்லவே இல்லன்னாங்க, அப்புறம் அந்தப் பொண்ணோட அம்மா யோசிச்சு, "காலைல புது கட்டில் வந்துச்சு தம்பி, அதுக்கு இடம் பண்ண பீரோவ சுவரோட தள்ளுனோம்"னாங்க. நாலு பேரா சேந்து பீரோவ ஒரு சாண் இழுத்தோம். மஞ்ச ஃபைபர் வயரு பீரோ காலுக்கும் சுவருக்கும் நடுவுல சிக்கி கொக்கி மாதிரி மடங்கிக் கிடக்குது. நல்லவேளை உடையல. மெதுவா எடுத்து தடவி நேராக்கி, பெரிய வட்டமா சுத்தி ஆணியில மாட்டுனேன், மீட்டர்ல மைனஸ் 20 வந்துருச்சு, செவப்பு அணஞ்சு பான் பச்சை நின்னுச்சு. அந்தப் பொண்ணு அங்கேயே தரையில உக்காந்து ஒவ்வொரு காலேஜா போட ஆரம்பிச்சுருச்சு, நான் அது சேவ் ஆகுற வரைக்கும் நின்னுட்டுதான் கிளம்புனேன்.

அந்த வயருக்குள்ள இருக்குறது கண்ணாடி. ஒரு மில்லிமீட்டர எட்டு பங்கு போட்டா அதுல ஒரு பங்கு கனம்தான், அதுக்கும் நடுவுல வெளிச்சம் போற பாதை வெறும் 9 மைக்ரான். கரண்ட் வயர மடக்குற மாதிரி இத மடக்குனா வெளிச்சம் பக்கவாட்டுல கசிஞ்சு போயிரும், இன்னும் மடக்குனா உடஞ்சே போயிரும், அப்புறம் மெஷின் கொண்டு வந்து ஒட்டணும். ஜன்னல் கதவுல நசுங்குறது, எலி கடிக்கிறது, துணி காயப்போட அந்த வயரயே கொடியாக்குறது, எல்லாம் பாத்திருக்கேன். அப்புறம் இன்னொண்ணு, தயவுசெஞ்சு கேளுங்க, அந்த வயரோட பச்சை முனைய கழட்டி வெளிச்சம் வருதான்னு கண்ணுகிட்ட வச்சு யாரும் பாக்காதீங்க, பிள்ளைங்கள விடவே விடாதீங்க. அது லேசர், நம்ம கண்ணுக்கு தெரியாத வெளிச்சம், தெரியாததுனால ஒண்ணும் பண்ணாதுன்னு இல்ல.

செவப்பு மின்னுனா பக்கத்து வீட்லயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க. ஆபீஸ்ல இருந்து வர்ற ஒரு ஃபைபர 32 வீடு, 64 வீடுன்னு பிரிச்சுதான் குடுப்பாங்க. அதே கம்பெனி லைன் வச்சிருக்க பக்கத்து வீட்லயும் போச்சுன்னா ரோட்டுல எங்கயோ ஜேசிபி வெட்டியிருக்கு, லாரி இழுத்துட்டுப் போயிருக்கு, உங்க வீட்ல தேட வேண்டியது ஒண்ணும் இல்ல.

லைட்டெல்லாம் சரியா இருந்தும் வரலன்னா டப்பாவ ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. சுவிட்ச ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விடணும், உடனே போடக்கூடாது, போட்ட பிறகு மூணு நாலு நிமிஷம் பொறுமையா இருக்கணும், அது எழுந்து எங்க மெஷினோட பேசி லாகின் ஆக அவ்ளோ நேரம் ஆகும். அதுக்குள்ள ரெண்டு மூணு தடவை ஆஃப் ஆன் பண்ணுனா பாவம் அது ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

ஆனா அணைச்சுப் போடுறது வேற, ரீசெட் வேற. டப்பா பின்னாடி ஊசி நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அதுதான் ரீசெட். இத பேசத்தான் முக்கியமா நான் வந்தேன். அந்த ஓட்டைல ஊக்க விட்டு பத்து செகண்ட் அமுக்குனீங்கன்னா உள்ள நாங்க போட்டு வச்ச யூசர் நேம், பாஸ்வேர்ட், எங்க லைன அடையாளம் காட்டுற வீலான் நம்பர், வைஃபை பேரு எல்லாம் அழிஞ்சு கடையில வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிரும். சில கம்பெனி டப்பாவுல அது தானா திரும்ப வந்துரும், எல்லாத்துலயும் வராது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி, பெரிய வீட்ல தனியா இருக்காங்க, பிள்ளைங்க சிங்கப்பூர்ல, ராத்திரி எட்டு மணிக்கு பேரன வீடியோ கால்ல பாக்குறதுதான் அவங்களுக்கு நாள் முழுக்க காத்திருக்குற விஷயம். ஒரு நாள் நெட் போச்சு, அன்னைக்கு எங்க மெயின் லைனே அறுந்து போச்சு, ஒரு மணி நேரத்துல வந்திருக்கும். அதுக்குள்ள பக்கத்துல ஒரு தம்பி நல்ல மனசோட வந்து ரீசெட் அமுக்கிட்டாரு. லைன் சரியாகியும் ஆச்சி வீட்ல மட்டும் வரல, நடுவுல ஞாயித்துக்கிழமை வேற, ஆள் போய் திரும்ப போட மூணு நாள் ஆச்சு. நான் போனப்ப ஆச்சி கோவிக்கல, "பேரன் மொகத்த பாக்காம சோறு எறங்கல அப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுல இருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த ஓட்டைய காட்டி, இதுல மட்டும் கை வைக்காதீங்கன்னு சொல்லிட்டுதான் வர்றேன்.

இப்ப ஒரு ஃபோன்ல மட்டும் வராத கேஸு. வைஃபை பேர அமுக்கி ஃபர்கெட் குடுத்துட்டு மறுபடி பாஸ்வேர்ட் போட்டு சேருங்க, அதுலயே பல சமயம் சரியாயிரும். சரியாகலன்னா ஃபோன்ல தேதியும் மணியும் சரியா இருக்கான்னு பாருங்க. பேட்டரி முழுசா செத்து எழுந்த ஃபோன், பழைய கம்ப்யூட்டர்ல எல்லாம் வருஷம் தப்பா போய் நிக்கும், அப்ப வெப்சைட்டோட சர்டிஃபிகேட்ட நம்பாம எதையுமே திறக்காது. அடுத்தது விபிஎன், அதாவது நெட்ட வேற ஒரு சர்வர் வழியா சுத்தி அனுப்புற ஆப், ஏதாவது ஓடிட்டு இருக்கா பாருங்க.

அப்புறம் பிரைவேட் டிஎன்எஸ். இது இப்ப நிறைய வருது. ஒரு டெய்லர் அண்ணன், வைஃபைலயும் வரல, டேட்டாலயும் வரல, ஃபோன மாத்தணுமான்னு கேட்டு வந்தாரு. செட்டிங்ஸ்ல கனெக்‌ஷன்ஸ் உள்ள போய் பிரைவேட் டிஎன்எஸ்ஸ திறந்தா ஏதோ ஒரு பேரு போட்டிருக்கு. விளம்பரம் வராம இருக்க அவர் அக்கா பையன் எப்பவோ போட்டுக் குடுத்தது, அந்த சர்வர் இப்ப வேலை செய்யல. டிஎன்எஸ்ங்குறது பேர சொன்னா நம்பர் தேடிக் குடுக்குற ஆளு, அந்த ஆளே இல்லன்னா நெட் இருந்தும் எந்த பக்கமும் திறக்காது. ஆட்டோமேட்டிக்னு மாத்துனேன், அவ்ளோதான், அங்கேயே வாட்ஸப்ல மெசேஜ் கொட்டுச்சு. புது ஃபோனுக்கு எடுத்து வச்ச காசு அவருக்கு மிச்சம்.

கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க ஒரு பேனா எடுத்துக்கோங்க. சிஎம்டின்னு தேடி அந்த கறுப்பு விண்டோவ திறந்து ஐபிகான்ஃபிக்னு அடிங்க. ஐபி அட்ரஸ், அதாவது டப்பா உங்க கம்ப்யூட்டருக்கு குடுக்குற கதவு நம்பர், 192.168ன்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் சரி. 169.254ன்னு ஆரம்பிச்சா டப்பா உங்களுக்கு அட்ரஸே குடுக்கல, கம்ப்யூட்டர் தானா ஒண்ண வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இது வீட்ல ரெண்டாவது ரூட்டர் வாங்கி மாட்டுனவங்ககிட்ட அடிக்கடி பாக்குறேன், நம்ம பக்கம் சுவர் கனம், பழைய வீடெல்லாம் முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் நீளம், அதனால ரெண்டாவது வாங்குறாங்க, அது தப்பில்ல. ஆனா வயர எந்த ஓட்டைல சொருகணும், ரெண்டு டப்பாவுல எது அட்ரஸ் குடுக்கணும்னு பாக்காம விட்டா ரெண்டும் ஆளுக்கொரு அட்ரஸ் குடுத்து அடிச்சுக்கும், இல்ல ரெண்டுமே குடுக்காது. அப்ப ரெண்டாவத கழட்டிட்டுப் பாருங்க.

அட்ரஸ் சரின்னா அதே விண்டோல மூணு தடவை பிங் அடிக்கணும், பிங்னு எழுதி ஒரு இடம் விட்டு நம்பர போட்டா அந்தப் பக்கம் "இருக்கியா"ன்னு கேட்டு பதில் வருதான்னு பாக்கும். முதல்ல ஐபிகான்ஃபிக்ல டிஃபால்ட் கேட்வேன்னு காட்டுன நம்பர், நிறைய வீட்ல அது 192.168.1.1ஆ இருக்கும். பதில் வந்தா டப்பா வரைக்கும் ஓகே. அப்புறம் 8.8.8.8, அது கூகுளோட டிஎன்எஸ். பதில் வந்தா நெட் வீட்டுக்கு வந்துருச்சு. மூணாவதா கூகுள் டாட் காம்னு பேர போட்டு அடிங்க. நம்பருக்கு பதில் வந்து பேருக்கு வரலன்னா கோளாறு டிஎன்எஸ்ல மட்டும்தான், அடாப்டர் செட்டிங்ஸ்ல டிஎன்எஸ் இடத்துல 8.8.8.8, அதுக்கு கீழ 1.1.1.1 போட்டா ஓடிரும். எது வரைக்கும் பதில் வருதோ அதுக்கு அடுத்த படியிலதான் உடைப்பு, வாய்க்கால்ல தண்ணி எங்க நிக்கிதுன்னு வரப்போரமா நடந்து பாக்குற மாதிரிதான் இது.

இவ்வளவும் பாத்து எதுவும் சரியாகலன்னா கம்ப்ளெய்ன்ட் குடுங்க, தயங்காதீங்க, காசு கட்டுறீங்க. ஆனா குடுக்கும்போது "நெட் வரல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த லைட்டு என்ன கலர்ல இருக்கு, மின்னுதா நிக்கிதா, எத்தன ஃபோன்ல பாத்தீங்க, எத்தன மணிக்கு போச்சு, இத சொல்லுங்க. லாஸ் செவப்புன்னு சொன்னா நான் ஒட்டுற மெஷினோட கிளம்புவேன், இன்டர்நெட் லைட்டு மட்டும் இல்லன்னா ஆபீஸ்ல உக்காந்தபடியே சரி பண்ணிருவேன், எதுவும் சொல்லலன்னா வெறுங்கையோட வந்து பாத்துட்டு திரும்ப மெஷின் எடுக்கப் போகணும், உங்களுக்குத்தான் ஒரு நாள் வீணாகும். முடிஞ்சா லைட்டு தெரியுற மாதிரி டப்பாவ ஒரு ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிருங்க, அது போதும் எங்களுக்கு.

இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டதுக்கு ரொம்ப நன்றி, வணக்கம்.