கருடன் குழலூதும் கோயில்

நேயர்களுக்கு வணக்கம். 2019 நவம்பரில் கல்லூரி மாணவர்கள் 18 பேரை அழைத்துக்கொண்டு ஜப்பான் போய்வந்தேன். கியோட்டோ, நாரா என்று எட்டு நாள், இருபது கோயில்களாவது இருக்கும். இருபதையும் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

கோயிலுக்குள் காலணியைக் கழற்றுவது நமக்குப் பிறவிப் பழக்கம். கழற்றிய பிறகுதான் தவறினோம். நம்மூர் வாசலில் உதறுவதுபோல உதறிவிட்டு உள்ளே போனோம். அங்கே நின்றிருந்த மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. குனிந்து, என்னுடையதையும் சேர்த்து 19 ஜோடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, நுனி வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்தார். திரும்பி வந்தால் காலை நுழைத்து நடக்க வேண்டியதுதான். எல்லோரும் கூசிப்போனோம். அடுத்த கோயிலில் நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. செருப்பு இருக்குமோ இருக்காதோ என்ற கவலை இல்லாமல் நான் சாமி பார்த்ததும் அந்தப் பயணத்தில்தான்.

கியோட்டோவில் சஞ்ஜூசங்கென்தோ என்றொரு கோயில். 1266-இல் திரும்பக் கட்டிய மர மண்டபம், நீளம் மட்டும் 120 மீட்டர். உள்ளே 1001 கன்னோன் சிலைகள். கன்னோன் வேறு யாருமல்ல, பௌத்தத்தில் கருணையின் வடிவான அவலோகிதேஸ்வரர்தான். பொன் இழைத்த முகங்கள், படிப்படியாக, பார்வை ஓயும்வரை. படம் எடுக்கத் தடை. கைப்பேசிகள் பைக்குள் போயின; பிள்ளைகள் நிதானமாகப் பார்த்தார்கள்.

முன்னால் 28 காவல் தெய்வங்கள். ஒரு மாணவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சார், கருடன் சார்!" அலகும் முதுகில் சிறகும் பார்த்தால் சந்தேகமே இல்லை. அங்கே பெயர் கருரா. ஆனால் கையில் புல்லாங்குழல்! பெருமாளைச் சுமக்க வேண்டியவர், அவர் குழலை வாங்கி வாசித்துக்கொண்டிருக்கிறார். அதே வரிசையில் பிரம்மாவும் இந்திரனும் வேறு.

பஸ்ஸில் ஏறியதும் தொடங்கிவிட்டது, "எல்லாம் நம்மிடமிருந்து போனது சார்" என்ற பேச்சு. எனக்கு இது பிடிப்பதில்லை. போனது உண்மைதான். சீனம், கொரியா வழியாகப் பல நூற்றாண்டுகள் நடந்து போனது. ஆனால் குழலோடு நிற்கும் அந்தக் கருடன் அங்கே வாழ்ந்து அந்த ஊர்க்காரன் ஆனவர். கட்டிக்கொடுத்த மகளின் வீட்டு வாசலில் நின்று எங்கள் வீட்டுப் பெண், எங்கள் வீட்டுப் பெண் என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

நாராவில் தோதாய்ஜி என்ற கோயில். ஏறக்குறைய 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752-இல் இவருக்குக் கண் திறந்தவர் போதிசேனர், 736-இல் சீனாவிலிருந்து கடல் கடந்து வந்த தென்னிந்தியத் துறவி. நம் ஸ்தபதிகள் உளியால் கண் திறப்பார்கள், அங்கே தூரிகையால். அந்தத் தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வடத்தைத் தொட்டாலே தேர் இழுத்த புண்ணியம் என்போமே, அதுபோல. தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன.

"அவர் மதுரைக்காரராகத்தான் இருப்பார் சார்" என்றான் ஒரு மாணவன். தான் மதுரைக்காரன் என்பதைத் தவிர அவனிடம் வேறு ஆதாரம் இல்லை. போதிசேனர் திறந்த அந்தக் கண்கள் இப்போது இல்லை என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. 1180-இலும் 1567-இலும் போரில் மண்டபம் எரிந்தது. இன்றைய தலை 17-ஆம் நூற்றாண்டில் வார்த்தது, மண்டபம் 1709-இல் முடிந்தது.

அந்த மண்டபத்துத் தூண் ஒன்றின் அடியில் ஒரு துளை. புத்தரின் மூக்குத் துளை அளவாம், ஒரு முழத்துக்கும் குறைவு. நுழைந்து வந்தால் நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. பள்ளிச் சுற்றுலா வந்த ஜப்பானியப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு வரிசையில் நின்று எலிக்குஞ்சுகள் போலப் புகுந்து வந்தார்கள். நம் மதுரைக்காரனும் வரிசையில் நின்றான். தலை போனது, தோள் போனது, இடுப்பு போகவில்லை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தப் பக்கம் இரண்டு சிறுமிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு "ஸே நோ!" என்று கத்தினார்கள். நம் ஊர் ஐலசாதான். மூன்றாவது இழுப்பில் வெளியே வந்து விழுந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மட்டும் தூணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நன்றி, வணக்கம்.