கதவு வரை போன அம்மா திரும்பிக் கேட்ட கேள்வி: கார்ல் ரோஜர்ஸின் கதை

[திரையில்: பாதி திறந்த கதவு]

ஓர் அம்மா. அவருடைய மகன் யாருக்கும் அடங்காதவன். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றுக்கு அவர் பல முறை வந்துவிட்டார். எதிரே உட்கார்ந்திருக்கும் இளம் உளவியலாளர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: சின்ன வயதில் இந்த அம்மா பிள்ளையை ஒதுக்கியிருக்கிறார். அதை அவருக்குப் புரியவைக்க என்னென்னவோ செய்து பார்க்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "நாம் இருவருமே முயன்று பார்த்துவிட்டோம், இதோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்கிறார். அம்மாவும் சரி என்கிறார். கை குலுக்கிவிட்டுக் கதவு வரை போனவர், திரும்பி நின்று கேட்கிறார்: "இங்கே பெரியவர்களுக்கும் கவுன்சலிங் உண்டா?"

உண்டு என்றதும் வந்து உட்கார்ந்து, தன் திருமண வாழ்க்கையின் துயரத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கிறார். அதுவரை சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது என்று அந்த உளவியலாளர் பிற்பாடு எழுதினார். எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்குத்தான் தெரியும், அவரே வழியைக் காட்டட்டும் என்ற முடிவுக்கு அவர் வந்ததில் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வணக்கம் நண்பர்களே. அந்த உளவியலாளர்தான் கார்ல் ரோஜர்ஸ்.

பிறப்பு வளர்ப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். 1902இல் சிகாகோ அருகே ஓக் பார்க்கில் பிறந்தார். மத நம்பிக்கையில் மிகக் கண்டிப்பான குடும்பம். 12 வயதில் பண்ணை வாழ்க்கை. கல்லூரியில் முதலில் விவசாயம், அப்புறம் பாதிரியார் ஆகும் எண்ணத்தில் இறையியல், அப்புறம் அதையும் விட்டு உளவியல். 1931இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அவ்வளவுதான்.

[திரையில்: முளைவிட்ட உருளைக்கிழங்கு]

அந்தப் பண்ணையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ரோஜர்ஸ் சிறுவனாக இருந்தபோது குளிர்காலத்துக்கான உருளைக்கிழங்கை நிலவறையில் கொட்டி வைப்பார்கள். பல அடி உயரத்தில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆனாலும் கிழங்கு முளைக்கும். வசந்தத்தில் மண்ணில் நட்டால் வருகிற திடமான பச்சை முளை இல்லை இது. வெளிறிப்போன, நோஞ்சான் தண்டு. இரண்டு மூன்று அடி நீளத்துக்கு அந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தே வளைந்து நீளும். அது ஒருநாளும் செடி ஆகப்போவதில்லை. ஆனாலும் விடாது.

மனநல விடுதிகளின் பின்பக்க வார்டுகளில் கைவிடப்பட்டுக் கிடந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு இந்த முளைதான் நினைவுக்கு வந்தது என்று ரோஜர்ஸ் எழுதியிருக்கிறார். அவர்களுடைய நடத்தை நமக்குக் கோணலாகத் தெரியலாம். கிடைத்த இருட்டுக்குள் அவர்களால் வளர முடிந்த விதம் அது. எனக்கு அவருடைய எழுத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். வீட்டுக் கூடையில் முளைவிட்ட கிழங்கைப் பார்த்தால் இப்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

சரி, ஒரு மனிதன் வளைந்து போகாமல் வளர என்ன வேண்டும்? 1957இல் வெளியான கட்டுரையில் ரோஜர்ஸ் ஆறு நிபந்தனைகளைச் சொன்னார். அவற்றில் சிகிச்சையாளரிடம் இருக்க வேண்டியவை மூன்று. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நேர்மை. எதிரே இருப்பவரை நிபந்தனை போடாமல் ஏற்பது. அவர் இடத்தில் நின்று அவர் உலகத்தைப் பார்ப்பது. வந்தவரை 'நோயாளி' என்று அழைப்பதையும் அவர் விட்டுவிட்டார், 'கிளையன்ட்' என்றார்.

[திரையில்: சுழலும் பழைய இசைத்தட்டு]

"இவருக்கு என்ன, தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதி. அந்தக் காலத்தில் சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. சிகிச்சையாளர் தன் ஞாபகத்திலிருந்து எழுதுவதுதான் ஆதாரம். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸ் அந்த அறைக்குள் மைக்கைக் கொண்டுபோய் வைத்தார். டேப் வராத காலம். இசைத்தட்டில்தான் பதிவு. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான், உடனே அடுத்த தட்டு தயாராக இருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எத்தனை தட்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவரும் மாணவர்களும் இயந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பேச்சு எந்த இடத்தில் ஆழமாகப் போனது, சிகிச்சையாளரின் எந்த ஒரு வார்த்தையில் கிளையன்ட் வாயை மூடிக்கொண்டார் என்று தேடினார்கள். 1942இல் ஒரு கிளையன்டின் பெயரை மட்டும் மாற்றி, அவருடனான எட்டு அமர்வுகளையும் வார்த்தைக்கு வார்த்தை புத்தகத்தில் அச்சிட்டார். ஒரு முழு சிகிச்சை இப்படி வெளியானது அதுவே முதல் முறை. தன் தவறுகளையும் சேர்த்து ஊரே பார்க்கட்டும் என்று வைப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பிற்பாடு விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அந்த முடிவும் 1967இல் புத்தகமாக வந்தது. அமெரிக்க உளவியல் சங்கம் 1956இல் முதன்முதலாக அறிவியல் பங்களிப்புக்கான விருதைக் கொடுத்தபோது, அதைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அந்த விருது அவருக்குப் பொருத்தமானதுதான் என்பேன்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்கு வருவோம். 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். இன்றைய சாட்பாட்களின் பாட்டி. அதன் புகழ்பெற்ற வடிவம் ரோஜர்ஸ் பாணி சிகிச்சையாளரைப் போலப் பேசும். நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பித் தரும். உலகத்தைப் பற்றி எதுவும் தெரியாத நிரலுக்கு அந்தப் பாணிதான் வசதி. அது உருவானதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்தே பார்த்த வைசன்பாமின் செயலாளர், அதோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "நீங்கள் சற்று வெளியே போகிறீர்களா?" என்று அவரிடமே கேட்டார்.

சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான் ரோஜர்ஸ் முறை என்ற கேலிச்சித்திரம் அவரை மிகவும் வருத்தியது. அதனாலேயே பரிவோடு கேட்பதைப் பற்றிப் பல ஆண்டுகள் அவர் அதிகம் பேசவில்லை. "நான் உங்களைச் சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று சரிபார்ப்பதுதான் அவருடைய நோக்கம். இயந்திரம் எடுத்துக்கொண்டது வாக்கிய அமைப்பை மட்டும்.

எழுபது வயதுக்கு மேல், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த கத்தோலிக்கர்களையும் புராட்டஸ்டன்ட்களையும் ஓர் அறையில் உட்கார வைத்துப் பேச விட்டார். தென்னாப்பிரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போனார். 1987 பிப்ரவரியில், 85 வயதில், கலிஃபோர்னியாவில் காலமானார்.

[திரையில்: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்]

வீடியோவை மூடுவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரோஜர்ஸ் சொன்ன பயிற்சி இது. அடுத்த முறை வீட்டில் வாக்குவாதம் வரும்போது, உங்கள் பதிலைச் சொல்வதற்கு முன், எதிராளி சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் உங்கள் முறை. நான் முதலில் செய்தபோது மூன்று தடவை "அது இல்லை" என்று பதில் வந்தது. உங்களுக்கு எத்தனை தடவை ஆனது என்று கமென்ட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.