பூசணம் பூத்த அப்பம்

நேயர்களுக்கு அன்பின் வணக்கம்.

நீதிமொழிகளில் ஒரு வசனம் இரண்டு இடங்களில், 22ஆம் அதிகாரத்திலும் 27ஆம் அதிகாரத்திலும் வருகிறது. விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்கிறான்; பேதைகள் நெடுகப்போய்த் தண்டிக்கப்படுகிறார்கள். ஒரு முறை சொன்னால் நாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம் என்று சாலொமோன் ராஜாவுக்குத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

நெடுகப்போகிறவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மியான்மரில், ரங்கூனிலும் மோல்மேனிலும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் தேடுவதே ஆங்கிலமும் கணினியும் தெரிந்த பிள்ளைகளைத்தான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது முதல், பிள்ளையை எப்படியாவது எல்லை தாண்டி அனுப்பிவிட வேண்டும் என்ற தவிப்பு எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. தரகனுக்கு அந்தத் தவிப்புதான் மூலதனம். எல்லை ஊரான மியாவாடி வரைக்கும் பஸ், பிறகு ஆற்றைக் கடந்தால் தாய்லாந்து, கணினி முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்பான். பஸ் மியாவாடிக்குப் போய்ச் சேரும். ஆற்றைக் கடக்கும் நாள் மட்டும் வராது. 2025 பிப்ரவரியில் ஆட்களை அடைத்துவைத்து இணையத்தில் பணம் பறிக்க வைக்கும் அங்குள்ள மோசடி வளாகங்களிலிருந்து சுமார் 7,000 பேர் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். அடுத்த மாதம் இந்தியா 500க்கும் அதிகமான தன் குடிமக்களை விமானத்தில் அழைத்துக்கொண்டது.

"நாங்கள் விசாரிக்காமலா அனுப்பினோம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. யோசுவாவும் விசாரித்தார். யோசுவா புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர், தூரதேசத்தார் போல வேஷம் போட்டு வருகிறார்கள். கிழிந்து தைத்த திராட்சரச துருத்திகள், ஒட்டுப்போட்ட செருப்புகள், காய்ந்து பூசணம் பூத்த அப்பம். "புறப்பட்ட அன்று இதைச் சூடாக எடுத்து வந்தோம்" என்கிறார்கள். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று யோசுவா கேட்கத்தான் கேட்டார். இஸ்ரவேலர் அப்பத்தையும் வாங்கிப் பார்த்தார்கள். ஆனால் பார்த்த சாட்சி எல்லாம் ஏமாற்ற வந்தவர்களே கொண்டுவந்தது. கர்த்தரிடம் மட்டும் கேட்கவில்லை. உடன்படிக்கை செய்து மூன்று நாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது.

தரகன் காட்டும் நியமனக் கடிதமும் அந்த அப்பம்தான். அலுவலகப் புகைப்படம், "அங்கே நன்றாக இருக்கிறேன்" என்று போனில் பேசும் பையன், எல்லாம் அவன் பையிலிருந்து எடுத்தவை. தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னார்களே, தரகனிடமே பத்துக் கேள்வி கேட்பது அதில் சேராது. அவனுக்குத் தெரியாத ஒருவரிடம் கேட்க வேண்டும். "இன்றைக்கே பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெபிப்பதற்கும் நாலு பேரிடம் கேட்பதற்கும் அவகாசம் கொடுக்காத வேலை நமக்கு வேண்டாம்.

இதில் கொடுமை என்னவென்றால், உள்ளே சிக்கிய பிள்ளையை அடித்து, முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு ஆசை வார்த்தை எழுதிப் பணம் பறிக்க வைக்கிறார்கள். ஏமாந்தவன் கையாலேயே இன்னொருவனுக்கு வலை. ஆகவே தப்பித்துத் திரும்பும் பிள்ளையைச் சபையில் யாரும் குற்றவாளியைப் போலப் பார்க்க வேண்டாம். முதலில் சாப்பாடு போடுங்கள். பிறகு, அவனாகப் பேச முன்வந்தால், அந்தத் தரகன் என்னென்ன காட்டினான் என்று மெதுவாகக் கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை அதே கடிதத்தை இப்போது கையில் வைத்திருக்கலாம்.