கோடு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம்

வணக்கம். காற்று கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் விசைப்படகுகள். மடியில் ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதி: ரவுல் டுஃபி தம் சொந்த ஊரான லெ ஆவர் துறைமுகத்தை வரைந்தது. பிரெஞ்சுக்காரர், 1877இல் அங்கே பிறந்தவர்.

முதல் பார்வையில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவசரத்தில் கிறுக்கியதுபோல் இருந்தது. கேமராவுக்கு அருகில் பிடிக்கிறேன், பாருங்கள். இந்தப் பாய்மரம் ஒரே இழுப்பு. அடியில் கோணிப்போனதைத் திருத்தவே இல்லை. அலைகள் மீன் செதில் மாதிரி சின்னச் சின்ன வளைவுகள். இந்த நீலமோ படகின் கோட்டுக்குள் அடங்காமல் கரைமேலும் ஏறி வழிகிறது. பள்ளியில் இப்படி வண்ணம் அடித்து நான் குட்டு வாங்கியிருக்கிறேன்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். 1937இல் பாரிஸ் கண்காட்சிக்காக 60 மீட்டர் நீளச் சுவரோவியம் தீட்டிய ஆள் இவர். வடிவத்தைவிட நிறமே மனத்தில் நெடுநேரம் தங்கும் என்று எண்ணினார். அதனால்தான் கோட்டையும் நிறத்தையும் தனித்தனியே ஓடவிட்டார்.

சற்று முன் முகத்துவாரத்தில் ஒரு ஃபைபர் படகு நுழைந்தது. எனக்குத் தெரிந்தது ஒரு பச்சைத் தீற்றல் மட்டும். பக்கத்தில் நின்ற அக்கா, “எங்கள் படகு வந்துவிட்டது” என்று கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார். அவருக்கு அந்தப் பச்சையே போதும்.

1944 செப்டம்பரில் குண்டுவீச்சில் லெ ஆவர் பெரும்பாலும் தரைமட்டமானது. இந்தப் படத்தில் ஜன்னல்கள் வெறும் புள்ளிகள். ஒழுங்காக எண்ணி வரைந்திருந்தால் நல்ல ஆவணமாகியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு அடித்த காற்று இதில் இருக்கிறதே!

காலையில் நானும் ஒரு விசைப்படகை வரைந்தேன், கயிறு கயிறாக எண்ணி. நாலாவது கயிற்றுக்கு வருவதற்குள் நீரோட்டத்தில் படகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, “தம்பி, படகைத் தரையில் ஏற்றிவிட்டாயா?” என்றார்.

வலது கைக்கு லாவகம் கூடிவிட்டது என்று டுஃபி இடது கையால் வரைந்தவராம். எனக்கு அந்த லாவகக் கவலை இல்லை. இருந்தாலும் மாற்றிப் பார்த்தேன். இதோ. படகு செருப்பு மாதிரி வந்திருக்கிறது. பெரியவர் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை, வலையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஐஸ் லாரி ஒலி எழுப்புகிறது. இடத்தைக் காலி செய்ய வேண்டும்.