தென்னை ஓலை கருப்பு புடிச்சிருக்கு: ஒரு தேடலின் கதை

[திரையில்: ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ஓலையின் அடிப்புறம் மிக நெருக்கமாக.]

வணக்கமுங்க. இந்த ஓலையைக் கொஞ்சம் பாருங்கள். அடிப்புறத்தில் வட்ட வட்டமாக, சுருள் கோலம் போட்ட மாதிரி வெள்ளை. அதற்குக் கீழே இருக்கிற ஓலையின் மேல்பக்கம் கரி பூசியது போலக் கருப்பு. இது என் தாய்மாமாவின் தோப்பு. பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னை வைத்திருக்கிற யாருக்கும் இதைப் பார்த்தால் வயிறு கலங்கும். சுருள் வெள்ளை ஈ என்கிற இந்தப் பூச்சியை இந்தியாவில் முதன்முதலாக 2016இல் கண்டுபிடித்துச் சொன்னது இந்தப் பகுதியில்தான்.

ஒரு நாள் ராத்திரி மாமா போனை எடுத்து, மைக்கை அழுத்தி, "தென்னை ஓலை கருப்பு புடிச்சிருக்கு, என்ன மருந்து" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் எனக்கு அழைப்பு.

"கண்ணு, போன்ல பாத்துட்டேன். ஒரு மருந்து காட்டுது. டவுனுக்குப் போனா வாங்கியாந்துரு."

"அதை எனக்கு அனுப்புங்க மாமா, பாத்துட்டுச் சொல்றேனுங்க."

அனுப்பினார். மேலே பொடி எழுத்தில் விளம்பரம் என்று இருந்தது. மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. கண்ணாடி போடாமல் அந்த எழுத்து அவருக்குத் தெரியாது.

அந்த மருந்தை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த ஈயை அழிக்க இயற்கையிலேயே ஒரு துளிக் குளவி இருக்கிறது. பெயர் என்கார்சியா. அது ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து, உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. அதனால்தான் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ரசாயன மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறியைக் கட்டச் சொல்கிறது. ஓலையில் படிந்த கருப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவு என்று பசை காய்ச்சித் தெளிக்கச் சொல்கிறது. பசை காய்ந்து உதிரும்போது கருப்பும் சேர்ந்து உதிரும். இவ்வளவும் தமிழிலேயே இணையத்தில் இருக்கிறது. மாமாவுக்கு மட்டும் வந்து சேரவில்லை. ஏன் என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: கண்ணபுரம் மாட்டுச் சந்தை, காங்கேயம் காளைகள்.]

தேடுபொறி நாம் கேட்ட பிறகு இணையம் முழுக்க ஓடித் தேடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேலையை அது முன்கூட்டியே முடித்து வைத்திருக்கும். கிராலர் என்ற நிரல் ராத்திரி பகலாகப் பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து வரும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று, புத்தகத்தின் கடைசியில் போடுகிற சொல்லடைவு மாதிரி ஒரு பெரிய அடைவு தயாராகும். நாம் கேட்டதும் அது புரட்டுவது அந்த அடைவைத்தான். அப்படியானால், அதில் ஏறாத பக்கம் தேடுபொறிக்கு இல்லாத பக்கம். யாரும் எழுதவே இல்லாத விஷயம் ஏறுவதற்கு வழியே இல்லை.

அடுத்தது வரிசை. லட்சம் பக்கங்களில் எது முதலில்? 1995இல் வந்த அல்டாவிஸ்டா போன்றவை பக்கத்தில் இருக்கிற சொற்களையே பெரிதும் நம்பின. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி மேலே வருவது அன்றைக்குச் சுலபம். 1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது வேறு வழி பிடித்தார்கள். கண்ணபுரம் சந்தைக்கு முதன்முறையாகக் காளை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரிடம் விசாரிப்பீர்கள். நாலு பேரும் ஒரே ஆளைக் கை காட்டினால் அவர் பக்கம் போவீர்கள். கை காட்டியவரே ஊரெல்லாம் மதிக்கிற மாட்டுக்காரர் என்றால், அவர் சொன்னதற்கு இன்னும் எடை. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது அப்படிக் கை காட்டுவதுதான். பேஜ்ரேங்க் என்ற கணக்கின் உயிர் இதுதான்.

இன்றைக்கு அதோடு இன்னும் எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன. அவற்றின் முழு விவரம் வெளியே வராது. சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, பக்கத்தில் நிற்பவருக்குத் துண்டு மட்டும்தானே தெரியும்? அதே மாதிரிதான். இதற்கெல்லாம் மேலே, காசு கொடுத்தவருக்கு என்று தனி இடம். அந்த இடம்தான் மாமாவின் கண்ணில் பட்டது.

சரி, விளம்பரத்தை விடுங்கள். அதற்குக் கீழேயாவது சரியான பக்கம் வந்திருக்க வேண்டாமா? இந்த இடத்தில் நம் மொழியின் விஷயம் வருகிறது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற பகுதி இது.

[திரையில்: ஈரோடு, ஈரோட்டில், ஈரோட்டுக்கு, ஈரோட்டிலிருந்து என்று ஒவ்வொன்றாக எழுத்துகள்.]

இந்த நான்கும் நமக்கு ஒரே ஊர். எழுத்தை எழுத்தாகப் பார்க்கிற நிரலுக்கு நான்கு வேறு சொற்கள். வெட்டிப் பார்த்தாலும் சிக்கல் தீராது. ஈரோட்டில் என்பதில் ஈரோடு என்ற சொல் முழுதாக இல்லவே இல்லை, டு போய் ட் வந்துவிட்டது. இதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால்தான் இயந்திரத்துக்குத் தெரியும்.

இன்னொன்றைக் காட்டுகிறேன். குருடிமலைப் பக்கம் உருவாகி நொய்யலில் சேருகிற ஆறு, கௌசிகா. இப்போது திரையில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

[திரையில்: கௌசிகா. கெளசிகா.]

வித்தியாசம் தெரிகிறதா? பல எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ, அதற்குப் பக்கத்தில் ள. இயந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு எண்கள். நல்ல தேடுபொறி சமாளித்துவிடும். ஆனால் ஒரு அலுவலகக் கோப்பிலோ, சாதாரண இணையதளத்தின் தேடல் பெட்டியிலோ இந்த ஆற்றைத் தேடினால், ஒரு எழுத்துக்காக ஆறே காணாமல் போகும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவில் ஏற்றிய பக்கங்கள் இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் நமக்கே வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும்.

மாமாவுக்கு நடந்தது இவற்றைவிட ஆழமான சிக்கல். அவர் கேட்டது "கருப்பு புடிச்சிருக்கு". இணையப் பக்கத்தில் எழுதியிருப்பது "கரும்பூசணம்". அவர் தோப்பில் இருப்பது வெள்ளைப் பூச்சி, புத்தகத்தில் இருப்பது சுருள் வெள்ளை ஈ. கேள்வி பேச்சில் இருக்கிறது, பதில் பாடநூலில் இருக்கிறது. சொல்லைத் தாண்டிப் பொருளைப் பிடிப்பதற்காக 2019இல் கூகுள் பெர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் சேர்த்தது. அந்த மாதிரிகள் மொழியைக் கற்பது எழுதி வைத்தவற்றைப் படித்துத்தான். நம் ஊர்ப் பேச்சு எவ்வளவு எழுத்தில் இருக்கிறது? மருந்து விற்பவர் மட்டும் மாமா எப்படிக் கேட்பாரோ அதே சொல்லில் விளம்பரத்தை எழுதி வைத்திருந்தார்.

அப்புறம், எல்லாரும் பேசுகிற டிரெண்ட். 2006இல் வந்த கூகுள் டிரெண்ட்ஸில் ஒரு சொல்லைப் போட்டால் 0 முதல் 100 வரை ஒரு கோடு ஏறி இறங்கும். அந்த 100, நூறு பேர் என்ற அர்த்தம் இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில், மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு உச்சத்தில் இருந்த இடம்தான் 100. ஆகையால் கோடு ஏறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஊரே அதைத்தான் பேசுகிறது என்று சொல்ல முடியாது. இந்தத் தவறைக் கூகுளே செய்திருக்கிறது. தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவுவதைக் கணிக்க 2008இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2012-13 குளிர்காலத்தில் அது அமெரிக்காவின் அரசுக் கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காய்ச்சலைக் காட்டியது. 2015இல் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் வந்தவரும் தேடுவார், செய்தி பார்த்துப் பயந்தவரும் தேடுவார். கோட்டில் இருவரும் ஒன்றுதான்.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் இதை நினைத்துக்கொண்டேன். டேரிஃப் என்று தேடுகிறவர் பெரும்பாலும் ஆபீஸில் இருப்பவர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அந்த வரியின் பெயர், வாரத்தில் இரண்டு நாள் வேலை இல்லை என்பது. ஒடிசாவிலிருந்து வந்து செக்கிங்கில் நிற்கிற பையன் தேடினால், ஊருக்குப் போகிற ரயிலை ஒடியாவிலோ இந்தியிலோ தேடியிருப்பான். இவர்களின் கவலை எந்த டிரெண்டிங் பட்டியலில் வரும்? செய்தி எழுதுகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே தலைப்பு எடுக்கத் தொடங்கினால், அது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

[திரையில்: போனில் ஒரு கேள்வியும், அதற்கு மேலே தயாராக ஒரு பத்தியும்.]

இப்போது தேடுபொறி கை காட்டுவதோடு நிற்பதில்லை, தானே பதில் சொல்கிறது. ஏஐ ஓவர்வியூ என்ற கூகுளின் இந்த வசதி 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. பத்துப் பக்கம் படிக்க நேரமில்லாதவருக்கு இது உதவி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்தியும் ஏற்கெனவே இருக்கிற பக்கங்களிலிருந்துதான் வருகிறது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் மூலப் பக்கத்துக்கு யார் போவார்கள்? யாரும் வராத பக்கத்தை எத்தனை நாள் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார்? தமிழில் விவசாயம் எழுதுகிறவர்கள் இப்போதே குறைவு.

வேறு தேடுபொறிக்கு மாறலாமே என்று கேட்கலாம். மாமாவின் போனில் வேறொன்று இருக்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. போன் வாங்கும்போதே பதிந்து வருவதுதான் எல்லாருக்கும் தேடுபொறி. ஐபோனில் தன்னுடையதே முதலில் இருக்க 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. அந்த வழக்கில்தான், தேடல் சந்தையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பு எழுதினார்.

நான் மாமாவுக்கு மருந்து வாங்கிப் போகவில்லை. மஞ்சள் பாலிதீன் ஷீட்டும் விளக்கெண்ணெயும் வாங்கிப் போனேன். மாமாவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. "இதுக்கெல்லாம் அது கேக்குமா கண்ணு?" என்றார். அத்தைதான் மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தார். அது உடனே நடக்கிற வேலை இல்லை, மாதக் கணக்கில் ஆனது.

போன வாரம் மாமாவை மரத்தடியில் நிற்க வைத்து, அவர் வாயாலேயே முழுதும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். அதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி ஏற்றியிருக்கிறேன். தலைப்பு, அவர் அன்றைக்குப் போனில் கேட்ட அதே கேள்வி. பாடநூல் பெயர்களையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன்.

[திரையில்: மாமாவின் உள்ளங்கையில் ஒரு ஓலைத் துண்டு.]

இந்தத் துண்டில் வெள்ளைக்கு நடுவே கருப்புக் கருப்பாகப் புள்ளி தெரிகிறதா? அது கரும்பூசணம் இல்லை. குளவி உள்ளே புகுந்த குஞ்சுகள். இந்த மாதிரி ஓலைகளைத் தேடிப் பிடித்து, சின்னச் சின்னதாக நறுக்கி, பக்கத்துத் தோப்புக்காரருக்குப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் மாமா.