துப்பாக்கியைக் கீழே வைக்கப் பதினோரு ஆண்டுகள்

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

வட அயர்லாந்தில் அமைதி வந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1998 ஏப்ரல் 10ஆம் தேதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அன்று புனித வெள்ளி. 3,500க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த முப்பதாண்டு மோதலை முடித்துவைக்கும் ஒப்பந்தம் பெல்ஃபாஸ்டில் கையெழுத்தானது. ஆனால் பிரிட்டனிலிருந்து பிரிந்து அயர்லாந்தோடு இணைய ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. (அயர்லாந்து குடியரசுப் படை) அன்றைய தேதியில் ஒரே ஒரு தோட்டாவைக்கூடக் கையளித்திருக்கவில்லை. பிரிட்டனோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று போராடிய விசுவாசிகளின் குழுக்களும் அப்படித்தான். ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது 1994 ஆகஸ்ட் 31. தன் ஆயுதங்களை முற்றாக அழித்து முடித்தது 2005 செப்டம்பர். இடையில் பதினோரு ஆண்டுகள். அந்தப் பதினோரு ஆண்டுகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஏன் இவ்வளவு காலம்? அந்த மண்ணின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1923இல் அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுவாதிகளுக்கு அவர்களுடைய தளபதி ஃபிராங்க் எய்கன் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆயுதங்களைப் பதுக்கிவைத்துவிட்டுப் போரை நிறுத்துங்கள் என்பதே அது. எதிரியிடம் ஒப்படையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. 1962இல் எல்லைப்புறத் தாக்குதல்களைக் கைவிட்டபோதும் ஐ.ஆர்.ஏ. அதையேதான் செய்தது. சண்டையை நிறுத்துவது வேறு, ஆயுதத்தைக் கொடுப்பது வேறு என்பது அவர்களுடைய மரபு. கொடுத்தால், இத்தனை காலமும் நடந்தது வெறும் குற்றச்செயல்தான் என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள். மேற்கு பெல்ஃபாஸ்டின் சுவர்களில் 'ஒரு தோட்டாவும் இல்லை, ஓர் அவுன்ஸும் இல்லை' என்று எழுதிவைத்திருந்தார்கள். அவுன்ஸ் என்றது வெடிமருந்தை.

இப்படிப்பட்டவர்களிடம் 1995 மார்ச்சில் பிரிட்டிஷ் அமைச்சர் பேட்ரிக் மேஹ்யூ ஒரு நிபந்தனை வைத்தார். ஆயுதங்களில் கொஞ்சமாவது முதலில் ஒப்படைத்தால்தான் ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெயின் கட்சிக்குப் பேச்சுவார்த்தை மேசையில் இடம் என்றார். சிக்கலை அவிழ்க்க அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல், கனடாவின் ஜெனரல் ஜான் டி ஷாஸ்ட்லேன், பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி ஆகிய மூவர் அழைக்கப்பட்டார்கள். பேச்சுக்கு முன்பே ஆயுதங்கள் வரப்போவதில்லை, பேச்சு நடக்கும்போதே அதையும் நடத்துங்கள் என்று 1996 ஜனவரியில் அவர்கள் சொன்னார்கள். பிரதமர் ஜான் மேஜர் அந்த வழியை ஏற்காமல், தேர்தல் நடத்தலாம் என்று வேறு பாதையைப் பிடித்தார். பிப்ரவரி 9ஆம் தேதி லண்டன் டாக்லாண்ட்ஸ் பகுதியில் குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள். குண்டு வைத்தவர்களின் பழியை நான் மேஜரின் தலையில் கட்டவில்லை. அந்தப் பழி ஐ.ஆர்.ஏ.வுக்கே உரியது. ஆனால் ஆயுதம் எப்போது, எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைக் கணிப்பதில் அரசு தவறியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுபக்கத்தின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சியின் தலைவர் டேவிட் டிரிம்பிள் 'துப்பாக்கி வராமல் ஆட்சி இல்லை' என்றார். ஆயுதம் வராமல் ஷின் ஃபெயினோடு ஆட்சியைப் பகிர முடியாது என்பது அதன் பொருள். பிடிவாதக்காரர் என்று அவரைத் திட்டியவர்கள் பலர். அவருடைய மக்களின் இடத்தில் இருந்து பாருங்கள். புனித வெள்ளி ஒப்பந்தப்படி சிறைக்கதவுகள் திறந்தன. உறவினரைக் கொன்றவர்கள் இரண்டே ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டார்கள். ஆயுதங்களைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தை மக்கள் ஏற்கும் பொதுவாக்கெடுப்பிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அவை களையப்படுவதற்குக் கட்சிகள் தங்கள் செல்வாக்கைப் பயன்படுத்தும் என்பது மட்டுமே ஒப்பந்தத்தில் இருந்தது. கைதிகள் உறுதியாக வெளியே வந்தார்கள், ஆயுதங்கள் வரவில்லை. அமைச்சரவையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் தோழர்களிடம் ரகசியக் கிடங்குகள் நிறைய லிபியாவிலிருந்து வந்த செம்டெக்ஸ் வெடிமருந்து இருக்கும்போது, யார் நிம்மதியாக ஆட்சி நடத்த முடியும்? அந்த அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆயுதங்களைக் களையச் செய்த ஏற்பாடு நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று. ஆயுதங்களை பிரிட்டிஷ் ராணுவத்திடமோ காவல்துறையிடமோ கொடுக்க வேண்டியதில்லை. டி ஷாஸ்ட்லேன் தலைமையில் 1997இல் அமைந்த சுயேச்சையான சர்வதேச ஆணையத்தின் முன்னிலையில் அழித்தால் போதும். அப்படி வரும் ஆயுதங்களைத் தடயவியல் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது, அவற்றை நீதிமன்றத்தில் சாட்சியமாக்கக் கூடாது என்று சட்டமே இயற்றினார்கள். எந்தக் கொலையில் எந்தத் துப்பாக்கி என்பது இனி ஒருபோதும் தெரியாமல் போகலாம். அதுதான் விலை. இழந்தவர்களின் குடும்பங்கள் தங்கள் நீதியிலிருந்து இந்த விலையைக் கொடுத்தன, அவர்களிடம் பெரும்பாலும் யாரும் கேட்கவே இல்லை. அமைதியைப் பாராட்டும் மேடைகளில் இதை நாம் சொல்லாமல் விடக் கூடாது.

2000 மே மாதம் ஐ.ஆர்.ஏ. ஓரடி நகர்ந்தது. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அத்திசாரியும், தென்னாப்பிரிக்காவின் சிரில் ராமபோசாவும் கிடங்குகள் சிலவற்றைப் பார்வையிட அனுமதித்தது. எதையும் கொடுக்காமலே, எதையும் வெளியே எடுக்கவில்லை என்று காட்டும் வழி அது. 2001 அக்டோபரில்தான் முதல் முறையாகச் சில ஆயுதங்கள் அழிக்கப்பட்டன. அதற்குள் டிரிம்பிள் ஒருமுறை பதவி விலகியிருந்தார்.

இந்தப் பதினோரு ஆண்டுகளில் எனக்கு மிகவும் வேதனை தரும் நாள் 2003 அக்டோபர் 21. மூன்றாவது முறையாக ஆயுதங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. முந்தைய இரண்டு முறைகளையும்விட அதிகம். ஆனால் எவ்வளவு, எந்த வகை என்பதை வெளியிட ஐ.ஆர்.ஏ. சம்மதிக்கவில்லை. பத்திரிகையாளர்கள் முன் அமர்ந்த டி ஷாஸ்ட்லேன் தான் கண்ணால் கண்டதைச் சொல்ல முடியாமல் தவித்தார். வாக்கு கொடுத்திருந்தார், மீற முடியவில்லை. ஆட்சியை மீண்டும் அமைக்கச் செய்திருந்த உடன்பாட்டை அன்றே டிரிம்பிள் கைவிட்டார். அடுத்த மாதத் தேர்தலில் மிதவாதிகள் தோற்றார்கள். யூனியனிஸ்டுகளிடையே கடும்போக்காளர் இயன் பெய்ஸ்லியின் கட்சியும், அயர்லாந்தோடு இணைய விரும்பும் தேசியவாதிகளிடையே ஷின் ஃபெயினும் முதலிடத்துக்கு வந்தன. ஒப்பந்தத்தைச் சுமந்து வந்தவர்கள் அதன் பாரத்திலேயே விழுந்தார்கள்.

ஆயுதங்கள் அழிக்கப்படுவதற்குச் சான்றாகப் பெய்ஸ்லி புகைப்படம் கேட்டார். ஐ.ஆர்.ஏ. அவமானத்தின் உடை அணிந்து வெளிப்படையாக மனம் வருந்த வேண்டும் என்று 2004 நவம்பரில் பேசினார். ஐ.ஆர்.ஏ. மறுத்தது. அழிப்பதற்குத் தயாராக இருந்தவர்கள் அவமானத்துக்குத் தயாராக இல்லை. அந்த டிசம்பரில் பெல்ஃபாஸ்டில் 2.65 கோடி பவுண்டு வங்கிக் கொள்ளை நடந்தது; பழி ஐ.ஆர்.ஏ. மீது விழுந்தது. அடுத்த மாதம் மதுக்கூடம் ஒன்றுக்கு வெளியே ஐ.ஆர்.ஏ.காரர்கள் ஒருவரைக் குத்திக் கொன்றார்கள். கொல்லப்பட்டவரின் சகோதரிகள் தங்கள் சொந்தத் தெருக்களிலேயே எழுந்து நின்று நியாயம் கேட்டார்கள். அரசுகளின் அழுத்தத்தைவிட அந்தப் பெண்களின் குரல் ஐ.ஆர்.ஏ.வை அதிகம் உலுக்கியிருக்கும் என்றே நான் நம்புகிறேன், ஏனென்றால் அவர்கள் அதே மக்களைச் சேர்ந்தவர்கள். 2005 ஜூலை 28இல் ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதப் போராட்டம் முடிந்தது என்று அறிவித்தது.

புகைப்படத்துக்குப் பதிலாக இரண்டு சாட்சிகள் வந்தார்கள். ஒருவர் மெதடிஸ்ட் போதகர் ஹெரால்ட் குட். மற்றவர் கத்தோலிக்கப் பாதிரியார் அலெக் ரீட். 1988இல் இரண்டு பிரிட்டிஷ் படைவீரர்கள் மேற்கு பெல்ஃபாஸ்டில் இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களைக் காப்பாற்ற முயன்று முடியாமல் உடலருகே மண்டியிட்டு ஜெபித்தவர் ரீட். அன்றும் அவருடைய சட்டைப்பையில் சமாதானப் பேச்சு தொடர்பான கடிதம் இருந்தது. இப்படி இருவரைத் தேர்ந்தெடுத்ததில்தான் நுட்பம் இருக்கிறது. கேமராவை நம்பாதவர்களும் கேமரா இல்லாததை நம்பாதவர்களும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்ளக்கூடிய மனிதர்கள் தேவைப்பட்டார்கள். பணி முடிந்தபோது, காவலுக்கு வந்திருந்த இளைஞன் தன் துப்பாக்கியையும் டி ஷாஸ்ட்லேனிடம் கொடுத்ததாகவும், அயர்லாந்து அரசியலிலிருந்து கடைசித் துப்பாக்கி போகிறது என்று ரீட் மெல்லச் சொன்னதாகவும் குட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 2007 மே 8இல் பெய்ஸ்லியும் ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸும் ஒரே ஆட்சியில் பதவியேற்றார்கள்.

விசுவாசிகளின் கதை சுருக்கமானது, ஆனால் கசப்பானது. அவர்களில் ஒரு சிறு குழு 1998 டிசம்பரில் தொலைக்காட்சி கேமராக்கள் முன்னால் சில ஆயுதங்களை அறுத்துக் காட்டியது. பெரிய குழுக்களான யு.வி.எஃப். 2009 ஜூன் வரைக்கும், யு.டி.ஏ. 2010 ஜனவரி வரைக்கும் இழுத்தடித்தன. 2010 பிப்ரவரியில் சட்டப் பாதுகாப்பு காலாவதியாகும் என்ற கெடு இல்லாவிட்டால் அப்போதும் கொடுத்திருப்பார்களா என்பது ஐயமே. கொடுத்த பிறகும் அந்த அமைப்புகள் கலையவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளில் மிரட்டிப் பணம் பறிப்பதும் போதைப்பொருள் விற்பதும் தொடர்கின்றன. இதைக் கண்காணிக்க லண்டனும் டப்ளினும் சேர்ந்து 2017இல் ஓர் ஆணையம் அமைத்தன. அந்த அமைப்புகளைக் கலைப்பது குறித்து முறையான பேச்சைத் தொடங்குங்கள் என்று அது தன் அறிக்கைகளில் இரு அரசுகளையும் வற்புறுத்திவந்திருக்கிறது.