எம்.வி.எஸ்சி. நுண்ணுயிரியல் சேரும் முன்னால் லேப் பயிற்சி எடுக்க வேண்டுமா?

அடுத்து ஒரு தம்பி அனுப்பியிருக்கும் கேள்வி. "பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவப் பட்டம்) முடித்து இரண்டு வருடமாகக் கிளினிக் பார்க்கிறேன். அதன் மேற்படிப்பான எம்.வி.எஸ்சி.யில் நுண்ணுயிரியல் படிக்க ஆசை. ஆனால் பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை), செல் கல்ச்சர் (லேபில் செல்களை வளர்ப்பது) எதையும் கையால் தொட்டதில்லை. பணம் கட்டி ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டுப் போகட்டுமா? இல்லை, நேராக வெளிநாட்டுக்கே முயற்சி செய்யலாமா?"

பயிற்சி வகுப்பு வேண்டாம் தம்பி. துளித் துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் பைபெட்டைப் பிடிப்பதை, சேர்ந்த முதல் மாதத்திலேயே சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கை பழகுவதற்கு அதிக நாள் ஆகாது. எந்தக் கேள்வியைக் கேட்பது, அதற்கு ரத்தம், சளி என்று எந்த மாதிரியை எப்போது எடுப்பது என்ற இடத்தில்தான் இரண்டு வருடமும் போகும். அதில் பாதி இப்போது நீங்கள் நிற்கிற பட்டியிலேயே கிடக்கிறது.

நம் ஊர்க் கதையையே சொல்கிறேன். 1987-இல் விழுப்புரம் பக்கம் அரசூர் கிராமத்தில் செம்மறி ஆடுகளுக்கு நோய் வந்தது. காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாயில் புண், கழிச்சல். பார்த்தால் மாட்டுக்கு வருகிற வெக்கை நோய் மாதிரியே இருக்கும். இரண்டு வைரஸும் மணல்வாரி அம்மை வைரஸின் சொந்தக்காரர்கள்தான். ஒன்றுக்கு உருவான எதிர்ப்பொருள் மற்றதையும் பிடிக்கும். அதனால் சாதாரணப் பரிசோதனை செய்தாலும் "வெக்கை" என்றே பதில் வரும். அப்படியே எழுதி ஃபைலை மூடியிருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள், இது வேறு வைரஸாக இருந்தால் என்ன என்று கேட்டு, இரண்டையும் பிரித்துக் காட்டுகிற சோதனை வரைக்கும் போனார்கள். இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய், அதாவது பி.பி.ஆர்., இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 1989-இல் கட்டுரையாக வந்தது. பிறகு நம் கால்நடைப் பல்கலைக்கழகம் அந்த வைரஸையே பலவீனப்படுத்தித் தடுப்பூசி ஆக்கியது. அதன் பெயரே அரசூர் 87. எனக்கு இன்றைக்கும் அந்தப் பெயரைப் படித்தால் சிலிர்க்கும்.

இந்தப் பிரிப்பு எதற்கு உதவியது என்று கேட்பீர்கள். வெக்கை நோயை ஒழிக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆட்டில் வந்ததையெல்லாம் வெக்கை என்று கணக்கில் சேர்த்தால், நோய் போய்விட்டது என்று எப்படி அறிவிப்பது? இந்தியாவில் கடைசி வெக்கை 1995-இல் நம் வட ஆற்காட்டில் வந்தது. 2011-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பி.பி.ஆர். சந்தேகத்தில் ஒரு மந்தைக்குப் போகிறீர்கள். சாகக் கிடக்கிற ஆட்டிடம்தான் எல்லாரும் முதலில் போவார்கள். வைரஸ் வேண்டுமென்றால், இன்றைக்குத்தான் காய்ச்சல் கண்டு, மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுக ஆரம்பித்திருக்கிற ஆட்டைத் தேடுங்கள். சளி கெட்டியாகி மஞ்சளான பிறகு வைரஸைப் பிரித்தெடுப்பது கஷ்டம். கண், மூக்கு இரண்டிலும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சி) வைத்து மாதிரி எடுத்து உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். இந்த வைரஸ் சூட்டைத் தாங்காது. பி.சி.ஆருக்கு ரத்தம் எடுத்தால், ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. மருந்து போட்ட குழாயில் எடுங்கள். அதே வேலைக்கான ஹெப்பாரின் போட்ட குழாய் வேண்டாம், அது பி.சி.ஆரையே தடுத்துவிடும். அப்புறம் ஒரு தாள்: எத்தனை ஆடு, எத்தனை குட்டி, எப்போது சந்தையிலிருந்து புது ஆடு வந்தது, கடைசி ஊசி எப்போது. இந்தத் தாள் இல்லாமல் வருகிற மாதிரியை லேபில் யாராலும் காப்பாற்ற முடியாது.

லேபுக்குள் நான் பட்ட ஒரு பாடு. படிக்கும்போது மூன்று வாரம் தொடர்ந்து என் பி.சி.ஆர். எல்லாம் பாசிட்டிவ், எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு சாயங்காலம், பெருகிய டி.என்.ஏ.வைக் கோடாகக் காட்டும் ஜெல்லை விளக்கில் வைத்துப் பார்த்தால், வெறும் தண்ணீர் ஊற்றிய நெகட்டிவ் கன்ட்ரோல் குழியிலும் அதே உயரத்தில் பளிச்சென்று ஒரு கோடு. பி.சி.ஆர். முடிந்த குழாயைத் திறந்து ஜெல்லில் ஏற்றிய பைபெட்டால்தான் மறுநாள் புதுக் கலவையும் போட்டிருக்கிறேன். அதில் ஒட்டியிருந்த பழைய டி.என்.ஏ.தான் புதுக் கலவையிலும் பெருகியிருக்கிறது. அந்த மூன்று வாரத்துக்கும் நோட்டில் கோடு போட்டு அடித்தேன். கலவை போடும் அறை, டி.என்.ஏ. சேர்க்கும் இடம், ஜெல் ஓட்டும் மேசை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது. கன்ட்ரோல் கெட்டுப்போனால் முடிவைத் தூக்கிப் போடத் தைரியம் வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்கிற வழிகாட்டியைத் தேடுங்கள்.

எப்படித் தேடுவது? அந்தத் துறையில் படிக்கிற மாணவர்களிடம் பேசுங்கள். வாரம் ஒருமுறை உட்கார்ந்து முடிவுகளைப் பேசுகிறார்களா, லேப் நோட்டை யாராவது படித்துக் கையெழுத்துப் போடுகிறார்களா, மாதிரி எடுப்பதற்கு முன்பே புள்ளியியல் ஆசிரியரைப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். எத்தனை ஆடு வேண்டும் என்ற கணக்கை முன்னால் போடாமல், வந்ததை வைத்துக்கொண்டு கடைசியில் ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு ஆய்வேடு அதனாலேயே பயனில்லாமல் போகும்போது மனசு வலிக்கும். அந்த ஆடுகளின் ரத்தத்தையும் வீணாக்கியது மாதிரிதானே.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே எம்.வி.எஸ்சி. முடித்து, பிஎச்.டி.க்குப் போங்கள். இங்கிலாந்தில் பிர்பிரைட், பிரான்சில் மான்பெலியே இரண்டு ஊரிலும் பி.பி.ஆரில் ஆழமாக வேலை செய்கிறார்கள். அங்கே நேர்காணலில் எந்த மெஷினை ஓட்டத் தெரியும் என்பதைவிட, உங்கள் ஆய்வேட்டில் எது தப்பாகப் போனது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற பேச்சுக்குத்தான் மதிப்பு.

அதுவரை அந்தப் பயிற்சி வகுப்புப் பணத்தில் ஒரு நல்ல ஐஸ் பெட்டியும் ஸ்வாப்பும் வாங்கிக் கொள்ளுங்கள். அடுத்த மந்தையில் எடுக்கிற மாதிரியைப் பக்கத்து நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு நீங்களே கொண்டு போய்க் கொடுத்து, அது அங்கே என்ன ஆகிறது என்று கூட நின்று பாருங்கள்.